மூடிப்போன பதினொரு வட்டங்கள்

1

சென்ற வாரம் என் பேத்தி ஷீலா என்னுடைய பழைய நோட்டு ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். வீட்டிலுள்ள பழைய சாமான் எதையாவது கொண்டுவந்து வகுப்பில் காட்டி, நாலு வார்த்தை பேச வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் கடிகாரமும் கம்பளியும் கொண்டுபோனார்களாம். இவள் எடுத்துப் போனது நான் நைரோபியில் வாங்கிய, அட்டை கிழிந்த, கோடு போட்ட நோட்டு. அதில் எழுத்து அதிகம் கிடையாது. தேதி இருக்கும், தேதிக்குப் பக்கத்தில் வட்டங்கள் இருக்கும்.

சாயந்திரம் வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். அவள் பேசுவது இங்கிலீஷ். அதில் பாதி எனக்குப் புரியும், மீதியை விரலை வைத்துக் காட்டுவாள். என் வட்டங்கள் எல்லாம் மேலே உடைந்து கிடக்கின்றனவாம், ஒன்றும் சேரவில்லையாம். பதினொன்று மட்டும் நன்றாகப் போட்டிருக்கிறேன் என்று எண்ணிக் காட்டினாள். ஒன்பது வயதுதான் ஆகிறது, கணக்கில் கெட்டி.

அந்தப் பதினொன்றும் நான் போட்டவை அல்ல. என் மகன் போட்டவை. அவன் விமானம் ஓட்டுகிறவன். அந்தப் பதினொன்றை வைத்துத்தான் இந்த நாட்டில் அவனுக்கு வேலை, எங்களுக்கு இந்த வீடு, ஷீலாவுக்கு அந்தப் பூட்ஸ்.

இதைப் போடிமெட்டுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற நம்மவர்களுக்காக எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. ஐம்பது வயதுக்குமேல் கற்றுக்கொண்ட எழுத்து, மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

2

எங்களுக்குச் சித்திரபுரத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், வீடு. என் வீட்டுக்காரர் தேயிலை லாரி ஓட்டினார். பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மூணாறு, தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிமெட்டுக்குப் போவார். அங்கிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போடியில் சரக்கைப் போட்டுவிட்டு மறுநாள் ஏறி வருவார். அந்த வளைவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருக்கிறவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது. வின்னிபெக் என்கிற இந்த ஊர் தோசைக்கல் மாதிரி தட்டை. கனடாவுக்கு வந்து மூன்றரை வருஷத்தில் ஒரு மேட்டை நான் பார்க்கவில்லை.

அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்பது ஒன்றுதான். "எத்தன?" என்பேன். "ஆறு" என்பார், இல்லையென்றால் "பத்து" என்பார். அத்தனை வளைவில் பனிமூட்டம் அடைத்திருந்தது என்று அர்த்தம். சமையல்கட்டுச் சுவரில் கரித்துண்டால் அத்தனை வட்டம் போடுவேன். எங்கள் லயத்தில் லாரிக்காரர் பெண்டாட்டிகள் நாலு பேர் இருந்தோம். நாலு பேர் வீட்டிலும் இந்தக் கணக்கு உண்டு. ஒருத்தி கோடு போடுவாள், ஒருத்தி புளியங்கொட்டையைப் பானையில் போடுவாள். இதனால் என்ன பிரயோசனம் என்று எங்கள் மாமியார்கள் கேட்டதற்கு நாங்கள் பதில் சொன்னதில்லை. இன்றைக்கு இத்தனைக்குள் போனான், இத்தனையிலிருந்தும் வெளியே வந்துவிட்டான் என்று சுவருக்குச் சொல்லிவைப்பது, அவ்வளவுதான்.

முதல் தடவை நான் வட்டம் போட்டபோது அவர் கைகழுவிக்கொண்டே பார்த்தார். "ஏண்டி, இப்பிடி முழுசா மூடிப்புட்டா நா எங்கிட்டு வெளிய வர்றது? கொஞ்சம் வழி விடு" என்றார். கேலியாகத்தான் சொன்னார். நான் கரியை எச்சில் தொட்டு அழித்து, மேலே வலதுபக்கம் ஒரு நெல் அளவுக்கு வாயைத் திறந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் போட்ட எந்த வட்டமும் மூடியதில்லை. கை தானாக அங்கே நின்றுவிடும்.

3

அவர் இறந்தது ஒரு ஐப்பசி மாதம், இந்த எழுபதுகள் தொடங்கிய வருஷம். காலையில் கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுச் சோதனைக் கேட்டைத் தாண்டியபோது நல்ல வெயில். கேட்டில் இருந்தவர் லாரி நம்பரையும் நேரத்தையும் எழுதி, வானம் தெளிவு என்றும் எழுதியிருக்கிறார். அவர் பொய் எழுதவில்லை. அவர் தலைக்குமேல் வானம் தெளிவாகத்தான் இருந்தது. மூட்டம் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. எட்டாம் வளைவில் லாரி பள்ளத்தில் போய்விட்டது.

பின்னால் இறங்கிய போடி பஸ்ஸின் டிரைவர் துக்கம் கேட்க வந்திருந்தார். எட்டாம் வளைவில் கையை நீட்டினால் கை தெரியவில்லை, பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

பிறகு எஸ்டேட் ஆபீசில் விசாரணை. என்னை நிற்கவைத்து, ரைட்டர் உட்கார்ந்து எழுதினார். நான் சொல்வது தமிழில், அவர் எழுதுவது மலையாளத்தில். பஸ் டிரைவர் சொன்னதைச் சொன்னேன். அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றேன். எட்டாம் வளைவு தமிழ்நாட்டில் இருக்கிறது, பஸ்ஸும் தமிழ்நாட்டு பஸ், லாரியோ கேரளத்து லாரி. ரைட்டர் தலையைத் தூக்கவில்லை.

"அது அவிடத்த காரியமல்லே அம்மா. நமக்கு கேட் ரெஜிஸ்டர் மதி" என்றார். அது அந்தப் பக்கத்துக் காரியம், நமக்குக் கேட் ரெஜிஸ்டர் போதும் என்கிறார்.

"கேட்டுல வெயிலடிச்சா வளவுல மூட்டம் இல்லேன்னு ஆயிருமா சார்?" என்று கேட்டேன்.

அவர் காகிதத்தைத் திருப்பி, மைப்பெட்டியை முன்னால் தள்ளினார். நான் கைநாட்டு வைத்தேன்.

தவசி, என் மகன், நைரோபியிலிருந்து வந்து சேர்ந்தது பதினாறாம் நாள். சித்திரபுரத்தில் மலையாளம் படித்தவன். அந்தக் காகிதத்தை வாசித்துவிட்டு, நாலாக மடித்தான். "அப்பா கவனமில்லாம ஓட்டுனதாப் போட்டிருக்கும்மா. நீ கைநாட்டு வச்சிருக்க" என்றான்.

விபத்து என்று எழுதியிருந்தால் என்னைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வேலைக்கு வைத்துக்கொண்டு வீட்டையும் விட்டிருப்பார்கள். கவனக்குறைவு என்று எழுதியதால் ஒரு மாதத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அதுகூடப் போகட்டும். இருபத்தாறு வருஷம் அந்த வளைவுகளில் ஒரு கோழியின் மேல்கூட ஏற்றாத மனுஷனைக் கவனமில்லாதவன் என்று எழுதி, அதற்குக் கீழே என் பெருவிரலை வாங்கிக்கொண்டார்கள்.

4

தவசி மதுரையில் மெக்கானிக் வேலை கற்று, லாரி ரிப்பேருக்கு என்று நைரோபி போனவன். அங்கே சின்ன விமானங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனியில் என்ஜின் பார்க்கப் போய், சம்பளத்துக்குப் பதில் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு, வருஷக்கணக்கில் கற்று விமானி ஆனான். கோவாக்காரப் பெண் லீனாவைக் கட்டிக்கொண்டான். நான் போய்ச் சேர்ந்தபோது ஷீலாவுக்கு ஒரு வயது. லீனாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. சமையல்காரப் பெண்ணிடமிருந்து இரண்டு பேரும் பொறுக்கிக்கொண்ட சுவாஹிலியில்தான் பேசிக்கொள்வோம். தண்ணீருக்கு மாஜி, மெதுவாகச் செய் என்பதற்கு போலே போலே. இப்போதும் அப்படித்தான். கனடாவில் ஒரு மாமியாரும் மருமகளும் ஆப்பிரிக்க பாஷையில் உப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

நைரோபியில் நான் செய்த முதல் காரியம் எழுத்துக் கற்றது. பக்கத்து வீட்டுத் திருநெல்வேலி அம்மா சொல்லிக்கொடுத்தார். எதற்காக இந்த வயதில் என்று கேட்டார். இனி என் பெருவிரல் எந்த மையிலும் படக்கூடாது என்றேன். ஆறு மாதத்தில் பேச்சியம்மாள் என்று என் பேரை எழுதினேன்.

இரண்டாவது காரியம் அந்த நோட்டு. மகன் ஆகாயத்தில் ஓட்டுகிறான், அங்கே வளைவு கிடையாது. ஆனால் மூட்டம் உண்டு. அதனால் அவன் வந்ததும், "எத்தன?" என்று கேட்க ஆரம்பித்தேன். அவனும் சிரித்துக்கொண்டு அப்பா மாதிரியே பதில் சொல்வான். மேகத்துக்குள் ஒரு மணி நேரம் என்றால் ஒரு வட்டம், அரை மணி என்றால் அரை வட்டம்.

மேகத்துக்குள் எப்படி ஓட்டுவாய் என்று ஒருநாள் கேட்டேன். "சன்னலுக்கு வெளிய வெள்ளத்துணி போத்துனாப்ல இருக்கும்மா. காது ஒண்ணு சொல்லும், முன்னால இருக்குற மீட்டர் முள்ளு ஒண்ணு சொல்லும். நேராப் போறோம்னு காது சொல்லும், சாஞ்சு விழுந்துக்கிட்டிருப்போம். காத நம்பவே கூடாது. முள்ளத்தான் நம்பணும்" என்றான். அப்படி முள்ளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகின நேரத்தைத் தனியாக எழுதிவைக்க வேண்டுமாம். ஒவ்வொரு விமானிக்கும் அதற்கென்று ஒரு பதிவேடு, அதில் அதற்கென்று ஒரு கட்டம். பெரிய வேலைக்குப் போக அந்தக் கட்டத்தில் இத்தனை மணி சேர்ந்திருக்க வேண்டும்.

ஒருநாள் அவன் எழுதும்போது பக்கத்தில் இருந்தேன். எண் எனக்குத் தெரியும். என்னிடம் அரைமணி என்று சொன்னவன் அந்தக் கட்டத்தில் இரண்டு மணி என்று போட்டான்.

"எங்கிட்ட அரைமணிங்கற, அதுல ரெண்டு போடுற?"

"இங்க அப்படித்தாம்மா. முள்ளப் பாத்து ஓட்டுற பயணம்னு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பினா, ஏறுனதுலேருந்து எறங்குற வரைக்கும் மொத்தத்தையும் அதுல போட்டுரணும். எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

வழியெல்லாம் வெயில் அடித்தாலுமா என்று கேட்டேன். அடித்தாலும்தான் என்றான். அது அந்தக் கம்பெனி வழக்கம். அவர்களுக்கு அது பொய்யில்லை. நான் என் நோட்டில் அரை வட்டம் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

5

நைரோபியில் எங்களைப் போன்ற இந்தியர்களுக்கு வேலை அனுமதிச்சீட்டைப் புதுப்பிக்காத காலம் வந்தது. கனடா வந்தோம். இங்கே அவனை டேவ் என்கிறார்கள். விமான நிலையத்தில் சரக்குப் பெட்டி தூக்கும் வேலை ஒன்றரை வருஷம். அவன் ஏற்றிவிட்ட பெட்டிகளோடு விமானம் கிளம்பும்போது திரும்பிப் பார்க்கமாட்டானாம். கூட வேலை பார்த்த பஞ்சாபிக்காரர் ஒருவர் சொன்னார்.

அதற்குள் பரீட்சை எழுதித் தேறினான். ஓட்டியும் காட்டித் தேறினான். வடக்கே பனிக்காட்டு ஊர்களுக்குச் சாமானும் நோயாளிகளும் கொண்டுபோகிற ஒரு கம்பெனி, வெள்ளிக்கிழமைக்குள் உரிமம் கொண்டுவந்தால் வேலை என்றது. பதிவேட்டைச் சரிபார்ப்பது ஒன்றுதான் பாக்கி. உரிமம் கொடுக்கிற அரசாங்க அதிகாரி அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். இருநூறு மணிக்குமேல் இருந்தது. தேவை ஐம்பதுதான். ஆனால் அவர் ஒரு கேள்வி கேட்டார். இங்கே வெளியே ஒன்றும் தெரியாமல் முள்ளை மட்டும் பார்த்து ஓட்டிய நிமிஷங்கள்தான் செல்லும். உன் இருநூறில் அவை எத்தனை?

தவசியால் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறான், பிரிக்க வழியில்லை. அந்த நாட்களிலேயே எழுதிய வேறு குறிப்பு ஏதாவது இருந்தால் கொண்டுவா, அதைப் பார்த்து எண்ணலாம் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார்.

கோட்டைக் கழற்றாமல் ஓடிவந்து, "அம்மா, ஒன்னோட நோட்டு எங்க?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எண்ணினோம். அவன் எண்ண, லீனா பென்சிலால் குறிக்க, அரை வட்டங்களை ஜோடி சேர்த்துக் கூட்டினோம். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினான். முப்பத்தொன்பதுதான்.

அந்த அதிகாரி சொன்ன விதியை மகன் தமிழில் சொன்னபோது எனக்கு எட்டாம் வளைவுதான் ஞாபகம் வந்தது என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். மூட்டம் எங்கே இருந்ததோ அங்கே மட்டும் மூட்டம் என்று எழுது, கேட்டில் இருந்ததைக் கொண்டுவந்து வளைவில் எழுதாதே என்கிறார். போடிமெட்டில் எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விதிதான். ஏழு வருஷம் கழித்து, ஒரு வெள்ளைக்காரன் வாயிலிருந்து, என் மகனின் பிழைப்பைக் கெடுக்க வந்து சேர்ந்தது.

லீனா குழந்தையைப் பார்க்கப் போனாள். தவசி பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினான்.

"பதினோரு வட்டம்மா. ஒன்னோட நோட்டு, ஒன்னோட பேனா. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

வெளியே தெரியாமல் கண்ணை மறைத்துக்கொண்டு, பக்கத்தில் வாத்தியாரை வைத்து ஓட்டினாலும் அந்த மணி செல்லும் என்று அவனே முன்பு சொல்லியிருக்கிறான். அப்படிப் பதினோரு மணி ஓட்டிவிட்டு வா என்றேன். அதற்கு ஒன்றரை மாதம் ஆகும், வேலை வெள்ளிக்கிழமைக்குமேல் காத்திருக்காது என்றான். இன்னும் எத்தனை வருஷம் பெட்டி தூக்குவது என்றான். நான் நோட்டை மூடிவைத்தேன். அப்போது அவன் சொன்னான்:

"அப்பாவுக்கு இருந்த மூட்டத்த இல்லேன்னு எழுதுனாங்க. எனக்கு இல்லாத மூட்டத்த இருந்துச்சுன்னு எழுதிக்கிறேன். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு வச்சுக்கயேன்."

இதை அவன் யோசித்துவைத்துத்தான் சொன்னான் என்று எனக்குத் தோன்றியது. அடித்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"உங்கப்பா மூட்டத்துல செத்தாருடா" என்றேன். "நாளைக்கு அந்தப் பனிக்காட்டுல நெசமா மூடுறப்போ, இந்தப் பதினொண்ணா வந்து ஒனக்கு முள்ளப் பாத்துச் சொல்லும்?"

அவன் எழுந்து போய்விட்டான். நானும் எழுந்து போனேன். நோட்டையும் பேனாவையும் மேஜைமேல் விட்டுவிட்டுப் போனேன். நோட்டை எப்போதும் என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவள் நான். அன்றைக்கு மறந்து விட்டேனா, மறந்தமாதிரி விட்டேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

6

இரண்டு நாள் கழித்து, அதிகாரி என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், நோட்டு என் கையெழுத்துதான் என்று எழுதிக்கொடுக்க வேண்டும் என்று சொல்லி அழைத்துப் போனான். முப்பத்தொன்பதைக் காட்டி மேற்கொண்டு தவணை கேட்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல புடவை கட்டி, மேலே கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

அதிகாரி நரைத்த மீசைக்காரர். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். என்னை உட்காரவைத்து விசாரித்த முதல் ஆபீஸ் அதுதான். எதற்கு வட்டம் போட்டீர்கள் என்று கேட்டார். தவசி தமிழில் கேட்க, நான் பதில் சொல்ல, அவன் இங்கிலீஷில் சொன்னான். போடிமெட்டு வளைவுகளைச் சொன்னேன், கரித்துண்டைச் சொன்னேன், புளியங்கொட்டை போட்டவளைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அத்தனை வளைவா என்று விரலை விரித்துக் காட்டினார். எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

பிறகு அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். நைரோபி மழைக்காலத்துப் பக்கங்கள் வந்தன. நான் அப்போதுதான் பார்த்தேன். என் வட்டங்களுக்கு நடுவே, வெறுமையாக இருந்த தேதிகளுக்கு எதிரே, காசை வைத்துச் சுற்றி வரைந்தமாதிரி முழு வட்டங்கள். வாய் திறக்காமல், சுத்தமாக, மூடி. கூடவே இருந்து சாப்பிட்ட மகன், அப்பா சொன்னதை நூறு தடவை கேட்டிருக்கிறான். என் வட்டத்தில் வழி இருக்கிறது என்பதை ஒரு தடவைகூட அவன் பார்த்ததில்லை.

அதிகாரி ஏதோ கேட்டார். தவசி என் பக்கம் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. "இது முழுக்க நீ எழுதினதான்னு கேக்குறாரும்மா" என்றான்.

"பதினொண்ணு ஏங்கை இல்ல" என்றேன், குரலை உயர்த்தாமல். "அதச் சொல்லு."

அவன் அதிகாரியைப் பார்த்து இங்கிலீஷில் பேசினான். நான் சொன்ன ஐந்து வார்த்தைக்கு அது மிகவும் நீளமாக இருந்தது. நடுவில் மதர் என்றான். கடைசியில் எஸ் என்றான்.

எஸ்டேட் ஆபீசில் என் வாயிலிருந்து வந்ததை ரைட்டர் வேறாக எழுதினார். அவர் எனக்கு யாரோ. இந்த ஆபீசில் அதையே செய்தது நான் பெற்றவன்.

அதிகாரி நேர்மையான மனுஷர் போலிருக்கிறது. மகன் சொன்னதோடு விடாமல் என்னையே பார்த்து, மெதுவாக, "எஸ்?" என்று கேட்டார்.

நோ என்கிற வார்த்தை எனக்குத் தெரியும். இந்த ஊரில் நான் அதிகமாகச் சொல்கிற வார்த்தையே அதுதான். கடையில் மாட்டுக்கறி வேண்டாம் என்பதற்கு, பஸ்ஸில் உட்கார இடம் வேண்டாம் என்பதற்கு, வாசலில் வந்து புத்தகம் நீட்டுகிறவர்களுக்கு என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். அப்போது தவசியின் கைகள் மேஜைமேல் இருந்தன. குளிரில் பெட்டி தூக்கி விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ரத்தம் காய்ந்திருந்தது.

"எஸ்" என்றேன்.

மைப்பெட்டி யாரும் நீட்டவில்லை. பேனா கொடுத்தார்கள். ஒவ்வொரு எழுத்தாக, பேச்சியம்மாள் என்று எழுதினேன். முடிக்கும்வரை அதிகாரி காத்திருந்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றாராம். அதையும் தவசிதான் மொழிபெயர்த்தான், உண்மையோ என்னவோ. பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில் முத்திரை குத்தினார்கள். எட்டாம் வளைவில் நிஜமாக இருந்த மூட்டத்துக்குக் கிடைக்காத முத்திரை, இல்லாத மூட்டத்துக்குக் கிடைத்தது. நான் பாடுபட்டுக் கற்ற எழுத்தை முதன்முதலாக அரசாங்கக் காகிதத்தில் வைத்தது அதற்குத்தான்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். இறங்கும்போது, படியில் பனி இருக்கிறது, பார்த்து இறங்கு என்று கையைப் பிடித்தான். நான் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

7

இரண்டு வருஷம் ஆகிறது. வாரத்தில் ஐந்து நாள் வடக்கே போகிறான். போய் இறங்கியதும் டெலிபோனை இரண்டு தடவை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவான். இறங்கிவிட்டான் என்று அர்த்தம். எத்தனை மூட்டத்துக்குள் போய் வந்தான் என்பதை அந்த இரண்டு மணி சொல்லாது. வீட்டுக்கு வந்ததும் அவனும் சொல்வதில்லை. நானும் "எத்தன?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். நோட்டில் அதற்குப் பிறகு ஒரு வட்டமும் இல்லை.

போன பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டே, அவனாக ஆரம்பித்தான். இப்போது நிஜமாகவே நூறு மணிக்குமேல் மேகத்துக்குள் ஓட்டியாகிவிட்டது, அந்தப் பதினொன்றெல்லாம் எந்த மூலைக்கு என்றான். நூறு ஓட்டியிருக்கலாம். அந்தப் பதினொரு நாளில் வெயில் அடித்தது, அதை மாற்ற முடியாது என்றேன். பாதிப் பொங்கலில் கைகழுவிவிட்டான்.

இதை அச்சில் போட அனுப்புகிறாயே, பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கிறாயா என்று உங்களில் யாராவது கேட்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. இந்த ஊரில் இதைப் படிக்கிறவர்கள் இல்லை. மருமகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பேத்திக்கும் தெரியாது. தவசிக்குத் தெரியும், ஆனால் ஊரிலிருந்து வருகிற கடிதத்தைக்கூட அவன் என்னிடம் நீட்டி, விசேஷம் இருந்தால் சொல்லு என்கிறான்.

நேற்று அவருக்குத் திதி. இலைக்குப் பதில் தட்டில் படைத்துக் கும்பிட்டுவிட்டு, நோட்டை எடுத்துப் பிரித்தேன். ஷீலா சொன்னதிலிருந்து அந்தப் பதினொன்றும் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் வடக்கே போயிருந்தான். இன்னும் மணி அடிக்கவில்லை. இரண்டு வருஷமாக என் மகன் அந்தப் பதினொன்றுக்குள்ளும் வழியில்லாமல் நிற்கிறான் என்று தோன்றிவிட்டது. படித்தவர்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

அவன் சவரம் செய்கிற பிளேடை எடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக, மேலே வலதுபக்கம் நெல் அளவுக்கு மையைச் சுரண்டினேன். காகிதம் பழசு, இரண்டு இடத்தில் பஞ்சாகிவிட்டது. பதினொன்றையும் திறந்துவிட்டு நோட்டைத் தள்ளிவைத்துப் பார்த்தேன். அப்புறம்தான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. நாளைக்கு யாராவது நோட்டைக் கொண்டுவா என்று கேட்டால், எது என் கை, எது அவன் கை என்று இனி என்னாலும் காட்ட முடியாது. அவன் அரைகுறையாக விட்ட வேலையை நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஷீலா வந்து எட்டிப் பார்த்தாள். நன்றாக இருந்த பதினொன்றையும் ஏன் உடைத்தாய் என்று கேட்டாள். "உங்கப்பன் வெளிய வரணும்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என்ன, என்ன என்று கையைப் பிடித்து ஆட்டினாள். அவளுக்கு விளங்கும்படி சொல்ல என்னிடம் பாஷை இல்லை. அவள் அப்பன் வந்ததும் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லலாம்தான். அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும்.